நடையின் எடை

மார்ச் 3

மருத்துவமனையின் மீது எனக்குள்ள குறைகள், தேதி வாரியாக. பின்னர் மனுவாகத் தட்டச்சு செய்ய வசதியாக இங்கேயே எண்ணிட்டு வைக்கிறேன்.

1. சனவரி 6. தங்கைக்கு என் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்க முன்வந்தேன். எடை 94.2 கிலோ, 91க்கு இறங்கினால்தான் ஏற்க முடியும் என்றார்கள். நடந்தே குறைக்கிறேன் என்றேன். "நடக்கிறதெல்லாம் ஒரு எக்சர்சைஸா சார்? மூச்சு வாங்கணும், வேர்த்து ஊத்தணும். காய்கறி வாங்கப் போற மாதிரி போயிட்டு வந்து என்கிட்ட கிலோமீட்டர் சொல்லாதீங்க" என்றார் அறுவை மருத்துவர்.

2. சனவரி 20. பதினான்கு நாள், நாளுக்கு ஆறு கிலோமீட்டர். 94.2. மருத்துவர் நினைத்ததைப் புருவத்தால் சொன்னார்.

3. பிப்ரவரி 3. 94.2. கோப்பில் "ஒத்துழைப்பு போதாது" என்று எழுதினார்கள். அதை நான் படிக்கும்படி மேசைமேல் திறந்தே வைத்தார்கள்.

4. பிப்ரவரி 17. 94.2. உணவு ஆலோசகர், தங்கையின் படுக்கையருகே நின்று, "வீட்ல யாருக்கும் தெரியாம ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். எனக்கு வயது ஐம்பத்தாறு.

5. மார்ச் 3. இன்று. 94.2.

ஐந்தாவது குறையே முதன்மையானது. நான் இயற்பியல் படித்தவன். இருபத்தொன்பது ஆண்டுகளாக எடையளவு ஆய்வாளன். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை இடுவதே என் வேலை. ஒரு குவளை தண்ணீர் குடித்தால் உடம்பு இருநூறு கிராம் கூடும். எட்டு வாரம் ஒரே எண்ணில் நிற்கும் பொருள் கல் மட்டுமே. ஆகவே பழுது என்னிடம் இல்லை, அவர்கள் இயந்திரத்தில் இருக்கிறது. அதில் முத்திரையும் காணோம்.

சிறுநீரகக் கொடைக்கு ஒப்புதல் தரும் தேர்வுக்குழு ஏப்ரல் 21 அன்று கூடுகிறது. அதைத் தவறவிட்டால் அடுத்த கூட்டம் மூன்று மாதம் கழித்து. அதுவரை அவள் உடம்பு தாங்கும் என்று யாரும் சொல்லவில்லை. தாங்காது என்று சொல்லாமல் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மார்ச் 5

புதுக் காலணி. வலது சுண்டுவிரலைக் கடிக்கிறது. விளையாட்டுத் திடலின் வெளிச்சுவரை ஒட்டி நான்கு சுற்று, ஆறு கிலோமீட்டர். ஒவ்வொரு அடிக்கும் விரலில் ஊசி குத்துவது போன்ற வலி. வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தேன். கொப்புளம் இல்லை. சிவப்புகூட இல்லை.

மாலையில் தங்கையின் கணவர் வந்திருந்தார். "மச்சான், ரெண்டு மாசமா நடக்குறீங்க, நீங்க இளைக்கல. ரோடுதான் இளைச்சிருக்கு" என்றார். சிரிக்கவில்லை நான். அவரும் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவர் சட்டைக் காலர் கழுத்தைவிட்டுத் தள்ளி நிற்கிறது. அவரும்தான் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை.

மார்ச் 10

காலை நடையை முடித்துவிட்டுத் துறை வண்டியில் எடைக்கற்களை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். டயாலிசிஸ் பிரிவில் இருக்கும் அந்த ஒரே இயந்திரத்தில்தான் என்னையும் நிறுக்கிறார்கள், தங்கையையும் நிறுக்கிறார்கள். இருபது கிலோ கற்கள் நான்கு, பத்து ஒன்று, இரண்டு கிலோ இரண்டு, இருநூறு கிராம் ஒன்று. மொத்தம் 94.2. காட்டியது 94.2. இருநூறை எடுத்துவிட்டு நூறை வைத்தேன். 94.1. பத்தில் சோதித்தேன், ஐம்பதில் சோதித்தேன், நான்கு மூலைகளிலும் வைத்துச் சோதித்தேன்.

பிழை: சுழி.

தலைமைச் செவிலியர் கை கட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "மிஷின் நல்லவன்னு ஆயிடுச்சா சார்? தினமும் முப்பது பேர் ஏறி இறங்குறாங்க. ஒருத்தருக்காவது நம்பர் மாறாம நின்னிருக்கா, நீங்களே பாருங்க" என்று குறிப்பேட்டை என் முன் போட்டார்.

மேலே இருந்தது தங்கையின் தாள். டயாலிசிஸில் நீர் எடுத்த பிறகான எடை. சனவரி 6: 49.4. இன்று: 46.4.

கற்களை நானே சுமந்து கீழே இறக்கினேன். யாரையும் தொடவிடவில்லை.

மார்ச் 11

இன்று நடக்கவில்லை. மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் எடையுள்ள மனிதன் ஆறு கிலோமீட்டர் நடந்தால் உடம்பில் ஏறத்தாழ ஐம்பது கிராம் கரைய வேண்டும். சனவரி 7 முதல் நேற்று வரை அறுபத்து மூன்று நாள். பிப்ரவரி 8, 9, 10 காய்ச்சலில் படுத்திருந்தேன். மீதம் அறுபது நாள். அறுபது ஐம்பது கிராம் — மூன்று கிலோ.

அவள் இழந்தது மூன்று கிலோ.

தற்செயல் என்றுதான் முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். பிப்ரவரி 7 அன்று அவள் எடை என்ன, 11 அன்று என்ன என்று செவிலியரிடம் தொலைபேசியில் கேட்டேன். "ரெண்டு நாளும் ஒண்ணுதான் சார், ஏன்?" என்றார். நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

நடை கரைக்கிறது. மருத்துவர் சொன்னது பொய். ஆனால் யாரை — என்ன எழுதுகிறேன் நான்?

மார்ச் 17

ஏழு நாள் நடக்கவில்லை. வீட்டுக்குள் நடமாட்டத்தைக்கூடக் குறைத்துக்கொண்டேன். அவள் எடை 46.4, 46.4, 46.4. இன்று தொலைபேசியில், "அண்ணா, இன்னைக்கு ரெண்டு வாய் கூடவே சாப்பாடு இறங்குச்சு" என்றாள். குரலில் ஒரு பெருமை, பள்ளியில் மதிப்பெண் சொல்வதைப் போல.

மார்ச் 18

நிறுத்தினால் நிற்கிறது, தொடங்கினால் தொடங்குகிறதா என்பதையும் பார்க்காமல் சோதனை முழுமை பெறாது. இதை எழுதும்போது என் கை நடுங்கவில்லை. அதைப் பதிவு செய்கிறேன், பின்னால் என்னைக் குற்றம் சாட்ட உதவும்.

காலையில் எட்டுச் சுற்று, பன்னிரண்டு கிலோமீட்டர். வலது சுண்டுவிரலில் தாங்க முடியாத வலி. காலணியைக் கழற்றினேன். ஒன்றுமில்லை.

மார்ச் 19

46.3.

அவள் படுக்கையின் கால்மாட்டில் நின்றேன். போர்வை விலகி இருந்தது. மூன்று மாதமாகக் கட்டிலைவிட்டு அதிகம் இறங்காதவளின் குதிகால் தினமும் சாலையில் நடப்பவரின் குதிகால் போல் காய்த்திருந்தது. வலது சுண்டுவிரலில் கொப்புளம். உடைந்து, நீர் வடிந்து, ஓரம் காய்ந்தது.

"நேத்து ரொம்ப தூரம் நடந்தியாண்ணா? காலு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது" என்றாள். சாதாரணமாக. மழை பெய்ததா என்று கேட்பது போல.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"அந்தப் புது ஷூ வாங்குனியே, அப்பலேர்ந்து. அளவு பார்த்து வாங்க மாட்டியா நீ?"

என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். "எனக்காகத்தானே நடக்குற, நிறுத்துன்னு எப்படிச் சொல்றது?" என்றாள்.

நான் நடந்தால் அவள் கரைகிறாள். நடக்காவிட்டாலும் என் எடை இறங்காது, என்னை ஏற்கமாட்டார்கள், அப்போதும் அவள்தான். குழு கூட முப்பத்து மூன்று நாள் இருக்கிறது. இதை எந்த அலுவலகத்தில் மனுவாகக் கொடுப்பது? எந்தப் பிரிவின் கீழ்?

கிளம்பும்போது அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "சரி, நான் நடந்தா?"

"கூடாது" என்றேன்.

மார்ச் 20

என் பேச்சை என்றைக்குக் கேட்டிருக்கிறாள்.

நான் போய்ச் சேர்வதற்குள் செவிலியரின் தோளைப் பிடித்துக்கொண்டு நடைகூடத்தில் நாற்பது அடி போய்வந்துவிட்டாள். உதடு வெளுத்து, நெற்றியெல்லாம் வேர்வை. மூச்சு இழுத்து இழுத்து வாங்கியது. அவள் கணவர் விசிறிக்கொண்டிருந்தார்.

"ஏறி நில்லுண்ணா" என்றாள்.

ஏறினேன். 94.1.

பத்து வாரம் அசையாத எண். நாற்பது அடிக்கு நூறு கிராம் கரையுமென்று எந்த நூலும் சொல்லாது. ஆனால் மருத்துவர் சொல்லியிருக்கிறார் அல்லவா — மூச்சு வாங்க வேண்டும், வேர்த்து ஊற்ற வேண்டும் என்று. எனக்கு ஆறு கிலோமீட்டரில் மூச்சு வாங்கியதில்லை. இயந்திரத்தைவிட்டு இறங்கும்போது என் கெண்டைக்கால் இறுகியிருந்தது. நேற்றும் இன்றும் நான் நடைக்குப் போகவே இல்லை.

மார்ச் 26

93.5. அவள் 46.6.

நீண்ட விடுப்பு எடுத்துவிட்டேன். வீட்டில் சக்கர நாற்காலி. மருத்துவமனை வாசலிலும் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். என் ஒவ்வொரு அடியும் அவளிடமிருந்து எடுத்த அடி. மாப்பிள்ளையிடம் எனக்கு முட்டிவலி என்று சொல்லியிருக்கிறேன். "நோயாளி நடந்து போறா, பார்க்க வந்தவரு வண்டியில வர்றாரு. இந்தக் குடும்பத்துல நான்தான் லூசு" என்று தள்ளிக்கொண்டு போகிறார். நல்ல மனிதர். அவரிடம் சொல்லும் துணிவு இல்லை.

ஏப்ரல் 4

என் வலது பாதத்தின் மேற்புறம் குறுக்காக ஒரு சிவந்த கோடு. அவளுடைய செருப்பு வார் படும் இடம். நான் செருப்பே போடுவதில்லை.

ஏப்ரல் 11

நடைகூடத்தின் நடுவில் மயங்கிச் சரிந்தாள். அப்போது நான் வீட்டில் நாற்காலியில் இருந்தேன். முழங்கால் தரையில் மோதிய வலி எனக்குத் தெரிந்தது. தொலைபேசி அதற்குப் பிறகுதான் அடித்தது.

இன்று எண் அசையவில்லை. நிறுத்து என்றேன். கெஞ்சினேன் என்று எழுதுவதே சரி. "பாதி வழியில நிறுத்தச் சொல்றதுக்கு நீ யாரு? நான் உனக்காக நடக்குறேன்னா நெனச்ச? எனக்காக நடக்குறேன், போ" என்றாள்.

ஏப்ரல் 20

91.1. நாளை பத்து மணிக்குக் குழு.

ஏப்ரல் 21

காலை எட்டுக்கு அவள் எழுந்தாள். செவிலியர் ஒரு பக்கம், மாப்பிள்ளை ஒரு பக்கம். நான் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, காலைத் தரையில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டு, ஓர் அடிகூட உதவ முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது. என் தொடை பற்றி எரிந்தது.

91.0.

மருத்துவர் எண்ணை இரண்டு முறை பார்த்தார். "பரவாயில்லையே. என்ன பண்ணீங்க, நீச்சலா? ஜிம்மா?"

"நடை" என்றேன்.

"நடையில ஒரு மாசத்துல மூணு கிலோவா? சான்ஸே இல்ல" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்திட்டார். இவ்வளவு எரிச்சலோடு ஒரு கையெழுத்துக்கு நன்றி சொன்னதில்லை நான்.

ஏப்ரல் 28

நாளை காலை. அவள் அறையும் என் அறையும் பக்கத்துப் பக்கம். சுவரை இரண்டு முறை தட்டினாள். நானும் தட்டினேன்.

மே 2

சிறுநீரகம் வேலை செய்கிறது. அவள் முகத்தில் நிறம் திரும்பியிருக்கிறதாம், செவிலியர் சொன்னார். எடை 47.2. முதல் முறையாக, டயாலிசிஸ் இயந்திரம் எதையும் எடுக்காமல் அவளாக நின்று காட்டிய எடை.

இன்று காலை மருத்துவர் வந்தார். தையலைப் பார்த்தார். பிறகு என் தாளில் எழுதினார்: "காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம் நடை. கட்டாயம்." நான்கு மாதத்துக்கு முன்பு எனக்கு என்ன சொன்னார் என்பதை நினைவூட்டினேன். "சார், ஆபரேஷனுக்கு அப்புறம் நடையைவிடப் பெரிய எக்சர்சைஸ் எதுவும் கிடையாது" என்று சிரித்தார். தங்கையின் தாளிலும் அதையே எழுதியிருக்கிறாராம்.

எனவே மருத்துவரின் கவனத்துக்கு. இந்தப் பக்கத்தைக் கிழித்துச் செவிலியரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நடை உடற்பயிற்சி அல்ல என்று சனவரி 6 அன்று சொன்னீர்கள். ஆகும் என்று இன்று சொல்கிறீர்கள். எது உங்கள் முடிவு என்பதில் எனக்கு இனி அக்கறை இல்லை. நான் கேட்பது வேறு. நான் நடந்தால், கரையப்போவது எந்தப் படுக்கையில் இருப்பவர்? அவள் நடந்தால் யார்? இப்போது என் உடம்பில் ஒரு பாகம் அவளிடம் இருக்கும் நிலையில் இந்த விதி மாறிவிட்டதா, மாறவில்லையா? அவளால் ஐம்பது கிராம்கூட இழக்க முடியாது. சோதித்துப் பார்க்கலாம் என்று சொல்லாதீர்கள். ஒரு முறை சோதித்துவிட்டேன்.

உங்கள் கையெழுத்துடன் பதில் மே 3, மாலை ஐந்து மணிக்குள் எழுத்தில் வர வேண்டும். அதுவரை என் கால் தரையில் படாது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே செவிலியர் கதவைத் திறந்து, "உங்க தங்கச்சி வெளிய நிக்கிறாங்க சார். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல நடந்தா சரியாப் போயிடும், எழுந்து வரச் சொல்லுங்கன்னு சொல்றாங்க. என்ன சரியாப் போயிடும்?" என்று கேட்டார்.

நடைகூடத்தில் செருப்புச் சத்தம். அவள் காத்திருக்கவில்லை. என் கெண்டைக்கால் இறுகத் தொடங்கிவிட்டது.

பதில் மே 3, மாலை ஐந்து மணிக்குள் என் கைக்கு வந்து சேர வேண்டும் என்று எழுதியிருந்தேன். திருத்துகிறேன். இன்று, காலை பதினொரு மணிக்குள். எழுத்தில்.