அண்ணன் படகுக்குப் பின்னால்

ஏப்ரல் 6, ஞாயிறு

அண்ணனின் பாய்மரப் படகில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். இன்று அண்ணனும் அண்ணியும் போக, மூன்றாவது இடம் சாப்பாட்டுக் கூடைக்காம். அதனால் நான் ஒற்றை ஆள் துடுப்புப் படகான என் கயாக்கில், கயிற்றின் மறுமுனையில். எனக்குப் பின்னால் என் இன்னொரு கயாக், காலியாக. ஏரித்தீவை ஒட்டி ஆழமில்லை. படகு தரைதட்டும். அவர்கள் கரையேற என் கயாக்குகள் வேண்டும். நான் வேண்டாம்.

"துடுப்பே போடாம சொகுசா வா" என்றான்.

பாதி வழியில் எதிர்க்காற்று வலுத்தது. படகை இங்கும் அங்குமாகத் திருப்பித் திருப்பி ஓட்டினான். ஒவ்வொரு திருப்பத்திலும் கயிறு தொய்ந்து, பிறகு வெடுக்கென்று என்னைப் பக்கவாட்டில் இழுத்தது. மடியெல்லாம் தண்ணீர். "மெதுவா, அண்ணா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். காற்று குரலைப் பின்னால் அள்ளிக்கொண்டு போனது. சரி, காது கேட்கவில்லை. கண்? ஒரே ஒரு தடவை திரும்பியிருந்தால்?

கயாக் சாய்ந்தது. முடிச்சின் நுனியைச் சுண்டி இழுத்தேன். கயிறு விட்டது. காலிக் கயாக்கையும் இழுத்துக்கொண்டு, துடுப்பு போட்டுத் தனியாகப் புறப்பட்ட கரைக்கே திரும்பினேன்.

ஏப்ரல் 7

அண்ணனின் போன். நலம் விசாரிக்க அல்ல.

"கயிறை ஏன் விட்டே? தீவுல இறங்க முடியாமத் திரும்பிட்டோம். நாளே வீணாப் போச்சு."

"நான் கவுந்திருப்பேன்."

"சுண்டினா அவுந்துக்குற முடிச்சை எவளாவது போடுவாளா?"

அவிழத்தானேடா போட்டேன்! அப்போது வாயில் வரவில்லை. இப்போது வந்து என்ன?

ஏப்ரல் 9

அம்மாவும் அவன் பக்கம்தான். "ஆசையாக் கூட்டிட்டுப் போனான். நீ கோவிச்சுக்கிட்டு வந்துட்ட." கோபித்துக்கொண்டா? சொட்டச் சொட்ட நனைந்து வந்தேன் அம்மா!

ஏப்ரல் 12

அண்ணி தனியாக வந்தாள். காபியைத் தொடவே இல்லை.

"அன்னிக்கு நான் பின்பக்கம் பார்த்துத்தான் உக்காந்திருந்தேன். 'அவ சாயுறா'ன்னு சொன்னேன். 'சும்மா இரு, இப்பதான் காத்து பிடிச்சிருக்கு'ன்னுட்டார்."

தெரிந்திருக்கிறது. தெரிந்தும்—

எழுத முடியவில்லை. பேனா தாளைக் கிழிக்கிறது.

அண்ணியிடமும் கத்தினேன். "நீங்களாவது கயிறை விட்டிருக்கலாமே?" தலை குனிந்தாள். "நான் சொல்லி அவர்கிட்ட எது நின்னிருக்கு?" வாசல்வரை போனவள் திரும்பினாள். "அந்தக் காலிக் கயாக்கை ஓட்ட எனக்குக் கத்துக்குடுப்பியா?"

ஏப்ரல் 20

அண்ணி இன்று கவிழ்ந்து கவிழ்ந்து எழுந்தாள். இவ்வளவு சத்தமாகச் சிரிப்பாள் என்று இதுவரை எனக்குத் தெரியாது.

ஏப்ரல் 27

அண்ணன் ஆள் அனுப்பியிருக்கிறான்: அடுத்த ஞாயிற்றுக்கிழமை கயாக்குகள் வேண்டுமாம். மன்னிப்பு? மூச்! தர முடியாது என்று சொல்லி அனுப்பினேன்.

மே 4, ஞாயிறு

இரண்டு கயாக்குகளையும் அருகருகே வைத்து, குறுக்கே கழிகள் போட்டு இறுக்கிக் கட்டினோம். பழைய தார்ப்பாய்தான் பாய். அண்ணி அதைப் பிடித்துக்கொள்ள, நான் துடுப்பால் திசை திருப்பினேன். காற்று முதுகில். தீவுவரை தள்ளிக்கொண்டு வந்தது.

அண்ணன் முன்னமே வந்து, நங்கூரம் போட்டு, பாயை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தான். எங்களைக் கண்டதும் எழுந்து கையைத் தூக்கினான்.

"இங்க வாங்க! என்னைக் கரையில விட்டுட்டுப் போங்க!"

நான் வாய் திறப்பதற்குள் அண்ணி சொன்னாள், பாயைக் கொஞ்சமும் தளர்த்தாமல்:

"இடுப்பளவு தண்ணிதாங்க. இறங்கி நடந்து வாங்க."

அண்ணன் குனிந்து செருப்பைக் கழற்றினான்.