கண்ணாடிக்குள் வைத்த கப்பல்

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மூட்டுவலி குறைந்ததா? காயல்பட்டினத்தில் மழை உண்டா? புதுச்சேரியில் நான் நலம்.

பார்வையற்றவர்கள் தொட்டுப் பார்க்கவென்று நான் செய்த மரக்கப்பலை அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள். திறப்பு விழாவில் பிறவியிலேயே பார்வையில்லாத பலராமன் ஐயா அதைத் தடவிச் சிரித்த படம் பேப்பரில் வந்தது. மறுநாளே அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். “போட்டோ எடுத்தாச்சில்ல, இனிமே எதுக்கு அழுக்காவணும்?” என்றார் மேனேஜர்.

நேற்று ஐயா தவளக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து, தன்னைப் போலவே பார்வையில்லாத மனைவியை அழைத்துவந்தார். அந்த அம்மாவின் கையைப் பிடித்துக் கப்பல்மேல் வைக்கப் போனார். கண்ணாடியில் இடித்தது. காவலாளி சிரித்தான்.

“ஏம்மா, அன்னிக்கி நான் எதனா ஒடச்சிட்டனா?” என்று என்னிடம் கேட்டார்.

மேனேஜர் பக்கத்திலேயே நின்றார். வேலை போய்விடும் என்ற பயத்தில், “ஆமாங்கய்யா” என்றேன்.

“மன்னிச்சிக்கம்மா, இவருக்கு முரட்டுக் கை” என்றார் அந்த அம்மா. ஐயா இரண்டு கைகளையும் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

வேறு விசேஷமில்லை. என் பழைய போர்வையை அனுப்புங்கள், இங்கே தூக்கம் வருவதில்லை. உம்மாவிடம் இதைப் படித்துக் காட்ட வேண்டாம். மேனேஜர் கூப்பிடுகிறார்.

உங்கள் மகள்,
நூரீன்