ஈயத்தாள் சுற்றிய ஃபியூஸ்

12 ஒக்டோபர் 2009, திங்கள்

முதலில் கவனித்தது வயரின் சூட்டைத்தான். வீட்டு முற்றத்தில் நின்ற, வில்லால் மீன் எய்யப் போகும் படகில், தண்ணீருக்குள் மீன் தெரிய அண்ணை எல்இடி விளக்குகள் பூட்டியிருந்தார். அத்தனை விளக்குகளுக்கு அந்த வயர் மெல்லியது. ஃபியூஸ் திரும்பத் திரும்ப எரிந்தது. கடைசியில் சிகரெட் பெட்டி ஈயத்தாளை அதில் சுற்றிச் செருகினார். இனி ஃபியூஸ் எரியாது, வயர்தான் எரியும்.

“அண்ணை, வயர் சுடுது. பக்கத்தில பெற்றோல் கான் வேற.”

“யாழ்ப்பாணத்தில எங்கட லைற்றெல்லாம் இப்பிடித்தான் எரிஞ்சது. பள்ளிக்கூடம் விட்டவ எனக்குப் படிப்பிக்க வாறா!”

அவருடைய கூட்டாளி சிரித்தார். இன்றிரவே படகை இறக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டு இருவரும் தேத்தண்ணி குடிக்க உள்ளே போனார்கள்.

நான் பற்றறியைக் கழற்றி வைத்தேன். பிறகு சமையலறைக் கத்தரிக்கோலால் வயரைத் துண்டு துண்டாக வெட்டினேன்.