கன்சாஸும் என் சாப்பாட்டு மேஜையும்

1854, பிப்ரவரி 7, வாஷிங்டன்

இன்று மேஜையில் ஆறு காங்கிரஸ் சபை மெம்பர்கள். வெண்ணெய் தீர்ந்துவிட்டது, பேச்சுதான் தீரவில்லை. விடுதி நடத்துகிறவளுக்குக் காது அடைத்துப்போவது இந்த ஊரில் மட்டும்தான்.

தெற்கே அலபாமாவின் மெம்பர் கர்னல் பெட்வே வாத்துக்கறியை வெட்டிக்கொண்டே மேற்கே புதிதாகக் குடியேறப்போகும் கன்சாஸையும் கூறு போட்டார். முப்பத்து நாலு வருஷமாக ஒரு கோடு இருந்தது, அதற்கு வடக்கே அடிமை கூடாது என்று. புது மசோதா வந்தால் கோடு போச்சு. அங்கே குடியேறுகிறவர்களே ஓட்டுப் போட்டு, அடிமை வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானித்துக்கொள்வார்களாம்.

வடக்கே வெர்மான்டின் மெம்பர் ஹேசல்டைன் முள்கரண்டியை ஓங்கினார். "மெக்சிகோக்காரன்கிட்ட அவ்வளவு நிலத்தைப் பிடுங்கினீங்களே, இன்னுமா பசி அடங்கல?"

"பசி அடங்குற மாதிரியாய்யா லெட்டி சமைக்கிறா?" என்றார் கர்னல். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

லெட்டி என் சமையல்காரி. என்னுடையவள் அல்ல, பக்கத்து ஜார்ஜ்டவுனில் இருக்கும் ஓகிள் என்பவரின் அடிமை. மாத வாடகை கொடுத்து வைத்திருக்கிறேன். நான் வடக்கே மெய்ன் மாநிலத்துக்காரி, அடிமை வாங்கமாட்டேன் என்பது என் சபதம். வாடகைக்கு எடுத்தால் சபதம் கெடுமா? கெடாது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 26

மழை. ஹேசல்டைன் இரண்டு மணி நேரம் விடுதலையைப் பற்றிப் பேசினார். லெட்டி நின்றுகொண்டே பரிமாறினாள்.

மே 3

லெட்டி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே சொன்னாள். ஓகிளின் அண்ணன் மகன் கன்சாஸுக்குப் போகக் காத்திருக்கிறானாம்.

"மசோதா பாஸானா என்னையும் அவனோட அனுப்பிடுவாராம். புது ஊர்ல சமையல்காரிக்கு நல்ல கிராக்கியாம்."

"எப்ப திரும்பி வருவே?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "திரும்பி வரதா? ஆயிரம் மைலும்மா. அங்க விக்கறதுக்குத்தானே அனுப்பறாரு?"

எனக்குப் பகீரென்றது. இவள் போனால் என் மேஜைக்கு எவன் வருவான்? முதலில் தோன்றியது அதுதான். எழுதிவிட்டேன், அடிக்கப்போவதில்லை.

மே 21

நாளை சபையில் ஓட்டெடுப்பு. ஒரு கர்னல் குறைந்தால் ஒரு ஓட்டு குறையும். மருந்துக்கடையில் பேதிப்பொடி வாங்கி வந்தேன். நண்டு சூப்பில் கலந்தால் தெரியாது.

லெட்டிக்கு நம்பிக்கை இல்லை. "ஒரு ஆளுக்கு வயித்தால போனா மசோதா நின்னுடுமாம்மா?"

"மசோதா நிக்குதோ இல்லையோ, அவரு உக்காந்துடுவாரு."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

மே 23

ஐயோ, நான் என்னத்தைச் சொல்ல.

நேற்று கர்னலுக்கான கிண்ணத்தை லெட்டி சரியாகத்தான் வைத்தாள். அந்த நேரம் பார்த்து ஹேசல்டைன் மூச்சிரைக்க உள்ளே வந்தார். இந்தத் தெற்கத்திக்காரர்களின் மரியாதை இருக்கிறதே! கர்னல் எழுந்து நின்று, தன் கிண்ணத்தை எடுத்து இரண்டு கையாலும் எதிரிக்கு நீட்டினார். "முதல்ல நீங்க. சண்டை போடணும்னா தெம்பு வேணுமே." நானும் லெட்டியும் கல்லாய் நின்றோம். ஹேசல்டைன் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

கர்னல் போய் ஓட்டுப் போட்டார். எதிர்த்து ஓட்டுப் போட வேண்டியவர் எங்கள் கொல்லைக் கழிப்பறையில் இருந்தார். மசோதா 113க்கு 100 என்று பாஸாகிவிட்டது. பதின்மூன்று ஓட்டு வித்தியாசம், அவர் போயிருந்தாலும் பலனில்லை என்று என்னை நானே தேற்றிக்கொள்கிறேன்.

இன்று அவர் எழுந்து உட்கார்ந்ததும் முதல் வார்த்தை: "தெக்கத்தியான் சதி! எனக்கு விஷம் வெச்சுட்டான்!" கர்னல் கொதித்துவிட்டார். யாரோ, "சமைச்சவளைக் கூப்பிடுங்க" என்றார்கள். சாப்பாட்டில் மருந்து வைத்த அடிமைக்கு இந்த ஊரில் விசாரணை என்று ஒன்றும் பெரிதாக நடக்காது. விளையாட்டுப் போல ஆரம்பித்தேனே, போகப்போவது அவள் கழுத்து என்று நினைத்தேனா? "நண்டு கெட்டுப்போச்சு, நான்தான் பழசை வாங்கினேன்" என்று சத்தமாகச் சொன்னேன். நம்பினார்கள். நான் சிக்கனக்காரி என்பது ஊருக்கே தெரியும்.

1855, பிப்ரவரி 19

ஓகிள் கடிதம். கன்சாஸில் மார்ச் கடைசியில் ஓட்டெடுப்பாம். அண்ணன் மகன் அதற்குள் போய்ச் சேர வேண்டுமாம். மார்ச் பத்தாம் தேதி லெட்டியை அழைத்துப்போக வருகிறார்.

பிப்ரவரி 21

லெட்டியைக் காப்பாற்ற வழி உண்டா என்று ஹேசல்டைனிடம் கேட்டேன். கண் கலங்கினார். "கொடுமைம்மா. சபையில பேசறேன். ஆனா ஓடிப்போக நாம வழி செஞ்சா அது சட்டவிரோதம். ஆப்பிள் பை இன்னும் ஒரு துண்டு இருக்கா?"

கர்னலிடம் கேட்டேன். "கன்சாஸ் குளிரு அவளுக்கு ஆகாது அம்மணி. நானே வாங்கிக்கறேன். அலபாமால என் சம்சாரத்துகிட்ட ராணி மாதிரி இருப்பா." நல்ல மனசோடுதான் சொன்னார்.

மார்ச் 5

லெட்டி பால்டிமோரில் சிப்பி வாங்கிவர, அடிமை தனியாகப் பயணம் போகத் தேவையான அனுமதிச் சீட்டு எழுதினேன், முன்பு மாதாமாதம் எழுதியது போலவே; போன கோடையில்தான் சிக்கனம் பார்த்து அதை நிறுத்தியிருந்தேன். இந்தத் தடவை பால்டிமோரில் அவள் இறங்கினாலும் நிற்கப்போவதில்லை. அங்கிருந்து வடக்கே போக ஆள் இருக்கிறது என்றாள். யார் என்று நான் கேட்கவில்லை.

லெட்டி சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அதே பேனாதானேம்மா?"

"அதேதான்."

"எங்கம்மா ஜார்ஜ்டவுன்ல உயிரோட இருந்தா, அதனால ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தேன். அவ போயி எட்டு மாசம் ஆச்சு. அப்புறம் நீங்களா மறுபடி சீட்டு எழுதித் தருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

எட்டு மாசமா நான் என்னடி பண்ணிக்கிட்டிருந்தேன்? மெனு எழுதிக்கிட்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது. ஸ்டேஷன் வரை கூடவே போய் ரயில் ஏற்றிவிட்டேன்.

மார்ச் 10

ஓகிள் வந்தார். "சிப்பி வாங்கப் போனவ இன்னுமா வரல?" என்று குதித்தார். "சிப்பி விலை பேசறாளோ என்னவோ" என்றேன். வழக்குப் போடுவாராம். போடட்டும். ராத்திரிச் சாப்பாட்டை நானே சமைத்தேன், இரண்டு மெம்பர்கள் விடுதியைக் காலிசெய்தார்கள்.

1856, மே 23

கன்சாஸில் அடிமை கூடாது என்று பேசிய செனட்டரை, நேற்று தெற்கத்தி மெம்பர் ஒருவர் செனட்டுக்குள்ளேயே கைத்தடியால் மண்டையைப் பிளந்துவிட்டார். சாப்பாட்டுக்கு வருகிறவர்கள் இடுப்பில் துப்பாக்கியோடு வருகிறார்கள். குடை வைக்கும் தொட்டியில் போட்டுவிட்டு உள்ளே வாருங்கள் என்று விதி போட்டேன். இன்று தொட்டியில் நாலு துப்பாக்கி, ஒரு குடை.

1861, ஜனவரி 21

அலபாமா தனி நாடாம். கர்னல் பெட்டி கட்டிவிட்டார். படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு மாசத்துல எல்லாம் சரியாயிடும் அம்மணி" என்றார். அழுதார். எனக்கும் அழுகை வந்தது, கோபமும் வந்தது.

ஜூலை 22

ஹேசல்டைன் நேற்று கூடை நிறையச் சாப்பாடு கட்டிக்கொண்டு, வண்டி பிடித்து, ஊருக்கு வெளியே தெற்கத்திப் படையோடு நடந்த சண்டையை வேடிக்கை பார்க்கப் போனார். கூடை இல்லாமல், தொப்பி இல்லாமல் ஓடிவந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பின்னாலேயே அடிபட்டவர்களை ஏற்றிக்கொண்டு வண்டிகள் வந்தன. விடியும்வரை வந்துகொண்டே இருந்தன.

1862, மே 4

முன்கதவைத் தட்டினார்கள். திறந்தால் லெட்டி. சாம்பல் நிற உடை, நல்ல தொப்பி, கையில் பெட்டி.

"பின்பக்கமா வா" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது.

அவள் நகரவில்லை. "வேலைக்கு வரலைம்மா. ராணுவ ஆஸ்பத்திரில தலைமைச் சமையல் நான்தான். ரூம் இருக்கா?"

போன மாதம்தான் இந்த ஊரில் அடிமை முறை ஒழிந்தது. கர்னல் இருந்த அறை காலிதான். பக்கத்து அறையில் கறுப்புப் பெண்ணா என்று மாடியில் இருக்கும் லெப்டினன்ட் முகத்தைச் சுளிப்பான், போனாலும் போவான். போகட்டும்.

பதிவேட்டை எடுத்து 'லெட்டி' என்று எழுதியவள் அப்படியே நின்றேன். மெம்பர்களுடைய பெயரெல்லாம் தகப்பன் பெயர், மாவட்டம், பட்டம் என்று நீளும். இவள் கையால் மூன்று வருஷம் சாப்பிட்டிருக்கிறேன்.

"முழுப் பேரு என்ன?"

பேனாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக எழுதினாள்: லெட்டீஷியா கோட்ஸ்.

"சாப்பாடு எத்தனை மணிக்கும்மா?"

"நாலு மணிக்கு."

"சமையல் யாரு?"

"நான்தான்."

சமையலறைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். "சரி, பரவால்ல" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள்.