அஞ்செட்டி மேட்டில் நின்ற விசிறி

இன்று காலை சூளகிரியில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டோம். நல்ல பனி. கொஞ்ச தூரம் போனதும் மருமகன் காரில் எதையோ திருகினார். காலடியிலிருந்து சூடான காற்று வந்தது. கூடவே தூசி சுடுகிற வாசனை. "அத்தை, இதமா இருக்குதா?" என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன். கல்யாண வீட்டில் யாரிடம் என்ன பேசினேன் என்று நினைவில்லை. திரும்பி வந்ததும் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. நமக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருஷம். ஓசூரில் நீங்கள் ஆஸ்பத்திரி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் ஓடித் தேய்ந்த வேன். அதில் ஹீட்டர் இருந்ததில் உங்களுக்கு அப்படி ஒரு பெருமை. எஞ்சினில் கொதிக்கும் தண்ணீர் ஒரு குழாய் வழியே உள்ளே வந்து சுற்றும்; அந்தச் சூட்டை ஒரு சின்ன விசிறி வண்டிக்குள் ஊதிவிடும்.

ஐப்பசியில் அந்த விசிறி நின்றுபோனது. அதன் மோட்டாரைக் கழற்றி வந்து அடுப்பங்கரையில் என் முன்னால் வைத்தீர்கள்.

"இதான் புள்ள கார்பன். தேஞ்சி போச்சி. கரண்டு சேர மாட்டேங்குது."

விரல் நகம் அளவு கரித்துண்டு. அதற்காகப் பெங்களூரில் கடை கடையாக ஏறி இறங்கினீர்கள். கடைக்காரர்கள் "இல்லா ஸ்வாமி" என்று கைவிரித்ததை வீட்டில் நடித்துக் காட்டினீர்கள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஆஸ்பத்திரியில் சொல்லி மெட்ராசுக்கும் எழுதிப் போட வைத்தீர்கள். வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு விசிறிக்காக அதை நிறுத்திவைக்க முடியுமா?

பிரசவத்துக்கு நாட்றாம்பாளையத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். மார்கழியில், நாள் ஆவதற்கு வெகு முன்பே வலி கண்டுவிட்டது. பெண் குழந்தை. உங்கள் ஒரு கையில் அடங்கிவிடுவாள். அழக்கூட இல்லை, முனகினாள். அண்ணன் போய்த் தகவல் சொல்லி, நீங்கள் வண்டியோடு வந்து சேர்ந்தபோது மலை முழுக்கப் பனி மூடிய காலை நேரம்.

பின்னால் அம்மாவும் நானும். குழந்தையை மார்போடு அணைத்து, இருந்த கம்பளியையெல்லாம் போர்த்தியிருந்தேன். தகரச் சுவர்களின் இடுக்கு வழியே குளிர் வந்துகொண்டே இருந்தது. குழந்தையின் உதடு நீலம் பாரித்தது.

"என்னங்க, பாதமெல்லாம் ஜில்லுனு ஆவுது" என்றேன்.

அஞ்செட்டி தாண்டி மேட்டில் ஏறும்போது வண்டியை ஓரம்கட்டினீர்கள். மோட்டாரைக் கழற்றி, சிகரெட் பெட்டியின் ஈயத்தாளை மடித்து, தேய்ந்த கார்பனுக்குப் பின்னால் முட்டுக் கொடுத்தீர்கள். விசிறி சுற்றியது. சூடான காற்று வந்தது. அம்மா சாமியைக் கும்பிட்டாள். நான் குழந்தையைக் காற்றுப் பக்கம் திருப்பினேன். உதட்டில் லேசாகச் சிவப்பு ஏறியதை நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன்.

மேடு முடிவதற்குள் விசிறி நின்றுவிட்டது. மறுபடி நிறுத்திக் கழற்றினீர்கள். கார்பன் உங்கள் விரலிலேயே பொடிந்து உதிர்ந்தது.

"சூடு இங்கியே இருக்குது புள்ள. குழாய் கொதிக்குது, தொட்டா சுடுது. உள்ள வர மாட்டேங்குதே" என்றீர்கள். சின்னப் பிள்ளையின் குரல் போல இருந்தது.

"வண்டிய உடுங்க மாப்ள" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு ஓசூர் வரை நீங்கள் பின்னால் திரும்பவே இல்லை. நீங்கள் அதைவிட வேகமாக ஓட்ட முடியாது. என்னிடம் இருந்த சூடு அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் குழந்தை போய்விட்டாள். பேர்கூட வைக்கவில்லை. டாக்டரம்மா உங்கள் தோளில் கை வைத்து, "குறை மாசம்ப்பா. நெஞ்சு முத்தல. சூட்டுக் காத்து வந்திருந்தாலும் பொழச்சிருக்கும்னு சொல்ல முடியாது" என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரோ, உண்மையைச் சொன்னாரோ. அந்த 'வந்திருந்தாலும்' நம் இரண்டு பேரையும் விடவே இல்லை.

பொங்கல் கழிந்து மெட்ராசிலிருந்து பார்சல் வந்தது. இரண்டு கார்பன், எண்ணெய்த்தாளில் சுற்றி. அதை அன்றைக்கே மாட்டினீர்கள். உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்த நான் வண்டியின் பின்னால் ஏறி, அன்று உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்தேன். நீங்கள் முடுக்கியதும் விசிறி சத்தமில்லாமல் சுற்றியது. கொஞ்ச நேரத்தில் சூடான காற்று தாராளமாக வந்து என் மடியை நிறைத்தது. மடியில் யாரும் இல்லை. நீங்கள் விசிறியை நிறுத்தவில்லை, நானும் இறங்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு தேன்கனிக்கோட்டையிலிருந்து ஒரு பிரசவக் கேஸ் என்று கூப்பிட்டார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு புறப்பட்டுப் போனீர்கள்.

அதன் பிறகு நமக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, நன்றாகவே வளர்ந்தார்கள். அந்தக் குழந்தையைப் பற்றி நாம் பேசிக்கொண்டதில்லை. ஆனால் பஸ்ஸோ, லாரியோ, யார் வண்டியில் ஏறினாலும் நீங்கள் என் பக்கம் சாய்ந்து, "குளுருதா புள்ள?" என்று கேட்பீர்கள். வெயில் காலத்திலும் கேட்டதுண்டு. பிள்ளைகள் சிரிப்பார்கள். நடுங்கிக்கொண்டிருந்தாலும் "இல்லீங்க" என்றுதான் சொல்வேன். வேறென்ன சொன்னாலும் நீங்கள் தாங்கமாட்டீர்கள்.

கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உங்கள் பாதம் சில்லிட்டுக்கொண்டே வந்தது. இரண்டு போர்வை போட்டேன். உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே இருந்தேன். சூடு ஏறவே இல்லை.

"குளுருதாங்க?" என்று முதல்முறையாக நான் கேட்டேன்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தீர்கள். "இல்ல புள்ள" என்றீர்கள்.

அந்தப் பதிலைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.