கண் வழியே வந்த குரல்

இராயபுரம்

என் தங்கக் கண்ணுக்கு,

உன் கடிதத்தை நானே படித்தேன். பாய்லர் பட்டறைச் சத்தத்தில் போன காது. யார் உரக்கப் படித்தாலும் ஏறவில்லை. அதனால்தான் இந்த வயதில் இரவுப் பள்ளிக்குப் போனேன்.

“இன்னா நைனா, சோறு துன்னியா?” என்று எழுதியிருந்தாயே, அந்த வரியில் கண் பட்டதும் உன் மூக்கடைத்த குரலே கேட்டது! கூடப் படிக்கும் ஷாகுல், “இன்னா மாமு, தனியா சிரிச்சிகினு கீறே?” என்று சிலேட்டில் எழுதிக் காட்டினான். “எம் பொண்ணு பேசுதுடா!” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.

பேரன் கேட்டதாக எழுதிய “தாத்தா, எப்போ வருவே?” மட்டும் சத்தமில்லாமல் நின்றது. அவன் குரலை நான் கேட்டதே இல்லையே. நீ குழந்தையாய் இருந்தபோது பேசிய குரலை அவனுக்குக் கொடுத்தேன். நன்றாகப் பேசுகிறான்.

இப்படிக்கு,
எழுதப் படிக்கத் தெரிந்த உன் நைனா