நான்கு அங்குலக் கோடு

டென்பிரிட்ஜ், ஒஹாயோ
26 நவம்பர் 2012

அன்புள்ள டெல்மர்,

நீயும் இர்மாவும் ஃப்ளோரிடா போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்று உன் மகள் சொன்னாள். இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. இர்மா செய்து வைத்துவிட்டுப் போன பூசணிப் 'பை' பலகாரத்தை நன்றி நவிலும் நாளன்று பாதியும் மறுநாள் மீதியும் சாப்பிட்டேன். அவளிடம் சொல்.

இனி எழுதப்போவதை நேரில் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் கிளம்பிய அன்று அதற்காகத்தான் உன் வீட்டுக்கு வந்தேன். நீ காரின் கூரையில் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தாய். கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிவிட்டேன்.

வடிவியல் வாத்தியார் தெரிந்ததிலிருந்துதான் தொடங்குவான், பொறுத்துக்கொள். நம் அமெரிக்கக் கால்பந்தில், நான்கு முயற்சிகளில் பத்து கஜம் முன்னேறினால் பந்து அந்த அணியிடமே இருக்கும். இல்லையென்றால் எதிரணிக்குப் போய்விடும். பத்து கஜம் ஆயிற்றா என்று ஐயம் வந்தால், இரண்டு கம்புகளுக்கு இடையில் கட்டிய நம் பத்து கஜச் சங்கிலிதான் தீர்ப்பு. இருபத்திரண்டு ஆண்டுகளாக முன்கம்பு உன் கையில். சங்கிலியை மைதானத்துக்குள் கொண்டுபோகும்போது அதே இடத்தில் வைப்பதற்காக, மைதானக் கோடு ஒன்றுக்கு நேரே சங்கிலியின் நடுவில் அடையாளமாக மாட்டுகிற கிளிப் என் கையில். பின்கம்புக்காரர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். நாம் மாறவில்லை.

பத்தாம் தேதி ஹோப்வெல் அணியுடன் ஆட்டம். நான்கு புள்ளிகள் பின்தங்கியிருக்கிறோம். நான்காவது முயற்சி. நம் கல்லூரி அணியில் பந்தை எறிகிற குவாட்டர்பேக் சைலஸ் மெர்சர் அதை யாருக்கும் எறியாமல் தானே தூக்கிக்கொண்டு ஓடி, ஆட்கள் குவியலுக்கு அடியில் விழுந்தான். நடுவர் சங்கிலியைக் கேட்டார். பந்தின் மூக்கு உன் கம்பை இரண்டு விரற்கடை தாண்டியிருந்தது. அந்த இரண்டு விரற்கடையில்தான் ஆட்டத்தை ஜெயித்தோம்.

சைலஸ் வழக்கம்போல ஜெபிக்க முழங்காலிட்டான். காலரியில் பாதிப் பேர் கைகளை உயர்த்தி எழுந்து நின்றார்கள், பாதிப் பேர் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பிறகு வானொலியில் சொன்னான்: "அந்த ரெண்டு விரற்கடை கர்த்தர் குடுத்தது. அளந்தது அவர்தான்."

அளந்தது நாம், டெல்மர்.

உட்கார்ந்தவர்கள் எல்லாரும் நம்பிக்கை இல்லாதவர்கள் அல்ல. எங்கள் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் மிஸ் ஓட்டிஸ், "ஜெபம் பண்றவன் கைதட்டல் வாங்கப்படாது" என்கிறாள். பல் வைத்தியர் புரூயிட், "அப்போ ஹோப்வெல் பசங்களுக்குக் கடவுள் இல்லையா?" என்று கேட்டுவிட்டு ஆட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். என் காரணம் வேறு. என் லொரெய்ன் சாகக் கிடந்தபோது அவளுக்காக உன் சபை பதினொரு வாரம் ஜெபித்தது. அதற்கு நான் நன்றியோடுதான் இருக்கிறேன். ஆனால் அவளுக்கு ஒரு வாரம் கூட்டிக் கொடுக்காதவர், ஹோப்வெல்லுக்கு எதிராக இரண்டு விரற்கடை கூட்டிக் கொடுத்தார் என்று வானொலியில் கேட்டபோது, அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த ஆண்டுக்கான சங்கிலிக் குழுவின் பட்டியலை ஜனவரி பதினைந்துக்குள் லீகுக்கு நான் அனுப்ப வேண்டும். 'இவர் எந்தப் பக்கமும் சாயாதவர்' என்று ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் கையெழுத்திட வேண்டும். உன் பெயரில் பேனா நிற்கிறது. அன்று நீ குனிந்தபோது, வெள்ளைச் சட்டைக்குள் சைலஸின் எண் போட்ட பனியனைப் பார்த்தேன். கிளிப் சரியாக இருந்தால் சங்கிலி பொய் சொல்ல ஒரே வழிதான் உண்டு: முன்கம்பைப் பிடிப்பவன் அதை முழுதாக இழுக்காமல் தளர்த்திப் பிடிப்பது.

முழுதாக இழுத்தாயா? இதை எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

உன்
வெர்னன் க்ராட்ஸ்

*

ஃப்ளோரிடா
5 டிசம்பர்

வாத்தியாரே,

உன் கடுதாசி வந்துச்சு. எனக்குப் பேசுற மாதிரிதான் எழுத வரும், திருத்தி மார்க் போட்டுறாத. மூணு பக்கம் சுத்தி வளச்சு, நாலாம் பக்கத்துல 'நீ திருடனா'ன்னு கேட்டிருக்க. இர்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். "பாவம், சளி பிடிச்சிருக்கும், சூப்பு வச்சுக் குடுக்க ஆள் இல்ல"ன்னா. நீ கொலையே பண்ணினாலும் அவ உன்னை விட்டுக்குடுக்க மாட்டா.

பனியன் போட்டிருந்தேன். பேத்தி வாங்கிக் குடுத்தது. குளிருச்சு, போட்டேன். அந்தப் பையனை எனக்குப் பிடிக்கும், அதையும் ஒத்துக்கறேன். அவன் முழங்காலு, அவன் மண்டி போடறான், உனக்கு ஏன்யா வலிக்குது? நோட்டுப் போட்டு எண்ணுறியாமே! லெஸ்டர் சலூன்ல சொன்னாங்க. முப்பத்தோரு தடவ மண்டி போட்டான், அதுல பத்தொம்போது தடவ கேமரா அவன் பக்கம் இருந்துச்சுன்னு நீ கணக்கு சொல்ல, பக்கத்து நாற்காலிக்காரன் பாதிச் சவரத்துல எந்திரிச்சுட்டானாம். இப்ப லெஸ்டர் கண்ணாடில எழுதி ஒட்டியிருக்கான்: 'கத்தி கையில் இருக்கும்போது சைலஸ் பேச்சு வேண்டாம்.' எல்லாம் உன் கைங்கரியம்.

லொரெய்ன் பேரை நீ எழுதினதுக்கு அப்புறம் எனக்குச் சண்டை போட வரல. அவளுக்காக ஜெபம் பண்ணினதுல நானும் ஒருத்தன்.

சங்கிலிய முழுசா இழுத்தேன். தோள்பட்டை ரெண்டு நாள் வலிச்சுது. இதுக்கு மேல தோண்டாத. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். என் பேரை அடிக்கணும்னா அடிச்சுக்க.

டெல்மர் யோடர்

*

டென்பிரிட்ஜ்
17 டிசம்பர்

அன்புள்ள டெல்மர்,

'உன் நல்லதுக்கு' என்று எழுதினாய். அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் விட்டிருப்பேன். ஒருவன் குற்றமில்லாதவன் என்றால் தோண்டச் சொல்வான். தோண்டாதே என்றால் புதைத்தது ஏதோ இருக்கிறது. இப்படித்தான் என் புத்தி ஓடியது. அது எவ்வளவு சிறிய புத்தி என்று இப்போது தெரிகிறது. நடந்ததை வரிசையாகவே சொல்கிறேன்.

நம் ஊர்ப் பத்திரிகைக்குப் படம் எடுக்கிற எஸ்தர் லான்ட்ஸ் அன்று நம் பக்கத்து ஓரத்தில்தான் நின்றாள். அவளிடம் போய், கடைசிக் கால்பகுதியில் எடுத்த எல்லாப் படங்களையும் பெரிதாக்கித் தரச் சொன்னேன். "எதுக்கு சார்?" என்றாள். "நினைவுக்கு" என்றேன். முப்பத்தாறு படங்கள். நீ சங்கிலியைத் தளர்த்திப் பிடித்த படம் ஒன்று கிடைக்கும் என்று நம்பினேன். அதை மறைக்கவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியோடு இரண்டு காலைப் பொழுதுகள் உட்கார்ந்தேன். அளந்த நேரத்துப் படத்தில் சங்கிலி விறைப்பாக இருக்கிறது. உன் தோளும் தெரிகிறது.

பதினேழாவது படம் அதற்குச் சற்று முந்தையது. ஹோப்வெல் ஆட்டக்காரன் ஒருவன் கால் உடைந்து கிடந்தானே, அப்போது எடுத்தது. நமக்குப் புதிதாக நான்கு முயற்சிகள் கிடைத்திருந்தன. நான் கிளிப் மாட்ட வேண்டிய நேரம். சைலஸ் எல்லாரையும் விட்டு விலகி, காலரிக்கு முதுகைக் காட்டி, நம்மிடமிருந்து பத்தடியில் முழங்காலிட்டிருக்கிறான். படத்தில் என் கை சங்கிலியில் இருக்கிறது. என் கண் அவன்மேல் இருக்கிறது. ஓரக்கண்ணால் கேமராவைத் தேடுகிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தேடவில்லை. எஸ்தர் பின்னால் நிற்பதே அவனுக்குத் தெரியாது.

கிளிப்பைக் கோட்டின் பின்விளிம்பில் மாட்ட வேண்டும். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பின்விளிம்பில்தான் மாட்டியிருக்கிறேன். படத்தில் அது முன்விளிம்பில் இருக்கிறது. பிறகு மைதானத்துக்குள் அளக்கப் போனபோது, பழக்க தோஷம், பின்விளிம்பில் வைத்தேன். கோட்டின் அகலம் நான்கு அங்குலம். சங்கிலி முழுவதும் நான்கு அங்குலம் பின்னால் போயிருக்கிறது. உன் கம்பும் போயிருக்கிறது. பந்து தாண்டியதோ இரண்டு விரற்கடை. அவன் பத்து கஜம் வரவே இல்லை, டெல்மர். பந்து ஹோப்வெல்லுக்குப் போயிருக்க வேண்டும்.

அந்த விரற்கடையைக் கொடுத்தது கர்த்தர் அல்ல. நான்.

படத்தின் ஓரத்தில் முன்கம்போடு நீ நிற்கிறாய். உன் பார்வை என் கையில் இருக்கிறது. ஆக, உனக்குத் தெரியும். ஏன் சொல்லவில்லை? என்னைக் காப்பாற்றவா, அவனை ஜெயிக்க வைக்கவா? உன்மேல் நான் போட்ட பழிக்கு மன்னிப்புக் கேட்கிறேன். கேட்டுக்கொண்டே இந்தக் கேள்வியையும் கேட்கிறேன். இரண்டும் ஒரே கடிதத்தில் வருவது அழகல்ல என்று தெரியும்.

வெர்னன்

*

ஃப்ளோரிடா
28 டிசம்பர்

வாத்தியாரே,

பாத்தேன்.

கத்தியிருக்கலாம். அடிபட்டவன் தரையில கிடக்கான், ஆறாயிரம் பேர் மூச்சு விடாம இருக்காங்க. அந்த நேரத்துல, "வாத்தியாரே, கோட்டைப் பாரு"ன்னு நான் கத்தினா, நீ அன்னிக்கே கிளிப்பை வச்சுட்டு வீட்டுக்குப் போயிருப்ப. உன்னை எனக்குத் தெரியாதா? லொரெய்ன் போனதுக்கப்புறம் உனக்குச் சனிக்கிழமையத் தவிர வேற கிழமையே கிடையாது. அளக்கவா போறாங்க, பாத்துக்கலாம்னு விட்டேன்.

அளக்கக் கூப்பிட்டாங்க. அப்பவும் வாயத் தொறக்கல. அது உனக்காகவா, அவனுக்காகவான்னு கேக்குற. நானே என்னைக் கேட்டுப் பாத்தேன். மண்டி போட்டுக்கூடக் கேட்டேன், சிரிக்காத. இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். 'அளந்தது கர்த்தர்'னு அந்தப் பையன் வானொலில சொன்னப்ப, நீ அடுப்பை அணைச்சேன்னு எழுதியிருந்த. நானா? அன்னிக்கு ராச்சாப்பாட்டுக்கு ஜெபம் சொல்லாம சாப்பிட்டேன். இர்மா ஒரு மாதிரி பாத்தா.

இனி நீ என்ன பண்ணணுமோ பண்ணு.

டெல்மர்

*

டென்பிரிட்ஜ்
14 ஜனவரி 2013

அன்புள்ள டெல்மர்,

பட்டியலை இன்று தபாலில் சேர்த்தேன். அதோடு லீகுக்கு ஒன்று, ஹோப்வெல் கல்லூரிக்கு ஒன்று, நம் ஊர்ப் பத்திரிகைக்கு ஒன்று என்று மூன்று கடிதங்கள். கிளிப்பைத் தவறாக மாட்டியவன் நான்தான் என்று எழுதியிருக்கிறேன். முடிந்த ஆட்டத்தின் முடிவை மாற்ற விதியில் இடமில்லை. அதுவும் தெரிந்தே எழுதினேன். நீ பார்த்ததை எழுதவில்லை. அதைச் சொல்வதா வேண்டாமா என்பது உன்னுடையது.

என் பெயரை அடித்துவிட்டேன். குழுத் தலைவராகவும் கிளிப் பிடிப்பவராகவும் உன் பெயரைப் போட்டு, 'எந்தப் பக்கமும் சாயாதவர்' என்பதற்கு எதிரே கையெழுத்திட்டேன். நிரூபணம் இல்லாமல் நான் கையெழுத்திட்ட முதல் வாக்கியம் அது. பேனா கொஞ்ச நேரம் நின்றது. அதைச் சொல்லாமல் விட்டால் அது இன்னொரு பொய்யாகிவிடும் என்பதால் சொல்கிறேன்.

கிளிப்பைப் பருத்தித் துணியில் சுற்றி உன் மகளிடம் கொடுத்திருக்கிறேன். அதன் சுருள்கம்பி குளிரில் கொஞ்சம் மக்கர் பண்ணும். சட்டைப் பையில் வைத்துச் சூடாக்கிக்கொள்.

வெர்னன்

*

டென்பிரிட்ஜ்
9 செப்டம்பர் 2013

அன்புள்ள டெல்மர்,

எட்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஏப்ரலில் ஊர் திரும்பினாய். தபால் நிலையத்தில் என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டாய். அவ்வளவுதான். நான்கு தெரு தள்ளி இருப்பவனுக்குத் தபால்தலை ஒட்டுவது விநோதம்தான். ஆனால் உன் வாசல்வரை வந்து திரும்பிய அனுபவம் எனக்கு ஏற்கெனவே உண்டு.

பத்திரிகையில் என் கடிதம் வந்த பிறகு, யாரோ என் தபால் பெட்டியில் 'யூதாஸ்' என்று எழுதிவிட்டுப் போனார்கள். அதைத் துடைத்துவிட்டேன். புரூயிட் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, "சபாஷ், அந்த வேஷக்காரன் முகத்திரையைக் கிழிச்சுட்டீங்க" என்றார். அதைத்தான் துடைக்க முடியவில்லை. கிழிந்தது என்னுடையது என்று சொல்லாமல் அவரைக் கதவுவரை போய் வழியனுப்பினேன். சைலஸ் வானொலியில், "அப்போ அளந்தது க்ராட்ஸ் சார்தான். நான் சொன்னது தப்பு" என்றான். நல்ல அடக்கம். அடக்கமும் ஒரு வேஷமாக இருக்கலாமே என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டேன். மறுபடியும் நினைத்தேன்.

சனிக்கிழமை முதல்முறையாகச் சீட்டு வாங்கிக் காலரியில் உட்கார்ந்தேன். எழுந்து நிற்பவர்களுக்கும் கை கட்டுபவர்களுக்கும் நடுவில் ஓர் இடம் கிடைத்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் முறைத்தார்கள். லொரெய்ன் பறவை பார்க்க வைத்திருந்த பைனாகுலரைக் கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொரு முறையும் நீ மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குனிந்து, கோட்டைப் பார்த்து, பின்விளிம்பைக் கட்டைவிரலால் தடவிவிட்டுத்தான் கிளிப்பை மாட்டினாய். பிறகு நிமிர்ந்து காலரியைப் பார்த்தாய். என்னைத்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கோபித்துக்கொள்ளாதே. எண்ணினேன். ஐம்பத்து மூன்று முறை மாட்டினாய். ஐம்பத்து மூன்றும் சரி. உன் பெயருக்கு எதிரே போட்ட கையெழுத்தைப் பற்றி இப்போது எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

வெர்னன்

*

டென்பிரிட்ஜ்
11 செப்டம்பர்

வாத்தியாரே,

அம்பத்தி மூணு இல்ல, அம்பத்தி நாலு. மூணாவது கால்பகுதியில ஒண்ணை விட்டுட்ட. நான் மாட்டிட்டு நிமிர்ந்து பாத்தேன், உன் பைனாகுலர் சைலஸ் மேல இருந்துச்சு. அவன் குனிஞ்சு ஷூ லேஸ் கட்டிக்கிட்டு இருந்தான்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் இர்மா பீன்ஸும் கறியும் போட்டு சில்லிக் கொழம்பு வைக்கிறா. நாலு தெருதான், நடந்தே வந்துரலாம். கயிறு பிடிக்க வேண்டிய வேலையெல்லாம் ஒண்ணும் இல்ல.

அந்த ஒரு கிளிப் சரியா இருந்துச்சா இல்லையான்னு கேக்காத. அதுக்கு நீ என்னை நம்பித்தான் ஆகணும்.

டெல்மர்